தவளை முட்டையின் வாக்குமூலம்

அன்புத் தங்கைக்கு,

வளர்ப்பு செல்களில் விங்க்-4 நொதி உப்புக் கடத்தியை அடக்குகிறது, எலியில் அதையே முடுக்கிவிடுகிறது. இரண்டில் ஒன்று பிழைதானே, எதைத் தூக்கிப் போடுவது என்று கேட்டிருக்கிறாய். எதையும் போடாதே. இதே குழப்பத்தில் எங்கள் துறை முழுவதும் பல ஆண்டுகள் தவித்திருக்கிறது.

சில குடும்பங்களில் வழிவழியாக ஒரு நோய் வரும். இரத்த அழுத்தம் ஏறும், இரத்தத்தில் பொட்டாசியமும் ஏறும். தையசைடு மாத்திரை கொடுத்தால் இரண்டும் இறங்கும். 2001-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டனின் குழு அதன் வேரைக் கண்டது. பழுது இருந்தது விங்க்-1, விங்க்-4 என்று நாம் அழைக்கும், பாஸ்பேட் பதிக்கும் நொதிகளான கைனேஸ்களின் மரபணுக்களில். தையசைடு அடைப்பதோ, சிறுநீரக நெஃப்ரானின் சேய்மைச் சுருள் நுண்குழலில் உள்ள சோடியம்-குளோரைடு கடத்தியை. ஆகவே கைனேஸின் பிடியில்தான் கடத்தி இருக்கிறது என்பது புரிந்தது. அது திறக்கிறதா, மூடுகிறதா என்பதில்தான் வழக்கு.

தவளையின் முட்டை செல்லில் விங்க்-4ஐயும் கடத்தியையும் சேர்த்து உருவாக்கிப் பார்த்தபோது, உள்ளே நுழையும் சோடியம் குறைந்தது. எனவே அது தடைபோடும் நொதி என்று பாடம் எழுதியாயிற்று. பிறகு விங்க்-4 மரபணுவை நீக்கிய எலிகள் வந்தன. தடையை எடுத்தால் உப்பு பெருகி உள்ளே வர வேண்டும் அல்லவா? அவற்றிலோ கடத்தி ஏறக்குறைய ஓய்ந்து கிடந்தது.

முடிச்சை அவிழ்த்தது குளோரைடு. செல்லுக்குள் குளோரைடு மிகுந்தால் அது கைனேஸின் மீதே ஒட்டிக்கொண்டு அதை எழவிடாமல் வைக்கிறது. தவளை முட்டையில் குளோரைடு அதிகம். அதைக் குறைத்துவிட்டுப் பார்த்தால், அதே முட்டையில் அதே விங்க்-4 கடத்தியை முடுக்குகிறது. முட்டை பொய் சொல்லவில்லை, தங்கையே. தன் உப்பில் நடந்ததைச் சொன்னது. அந்த உப்பை நாம்தான் கேட்க மறந்தோம்.

சிறுநீரகத்தில் இது எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது பார். உணவில் பொட்டாசியம் குறைந்து இரத்தத்திலும் குறையும்போது, குழல் செல்லின் உட்புற மின்னழுத்தம் இன்னும் எதிர்மின் பக்கம் சாய்கிறது, குளோரைடு வெளியேறுகிறது, விங்க் விழிக்கிறது, ஸ்பாக் என்ற அடுத்த கைனேஸை எழுப்புகிறது, ஸ்பாக் கடத்தியில் பாஸ்பேட்டைப் பதிக்கிறது. உப்பு இங்கேயே திரும்பிவிடுவதால், கீழே பொட்டாசியத்துக்கு மாற்றாகப் போகும் சோடியம் குறைகிறது. பொட்டாசியம் மிஞ்சுகிறது. விலை, உடலில் தங்கும் உப்பும் ஏறும் அழுத்தமும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உப்பு வடிகட்டப்படுகிறது. இந்தக் குழலின் பங்கு அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். ஆனாலும் இங்கே ஒரு பாஸ்பேட் மாறினால் அழுத்தமே மாறிவிடுகிறது. பொட்டாசியம் தரும் காய்கறியும் பழமும் குறைந்து உப்பு மட்டும் ஏறிய சாப்பாட்டை நினைத்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

உன் சோதனைக்கு வருவோம். மொத்தக் கடத்தியை மட்டும் அளந்து நின்றுவிடாதே. பாஸ்பேட் ஏறிய கடத்தியையும் பக்கத்திலேயே அளந்து பார். கரைசலில் பாஸ்பட்டேஸ் தடுப்பான் இல்லாவிட்டால், அரைத்து முடிப்பதற்குள் நீ தேடும் பாஸ்பேட் கழன்றுவிடும். அப்படி ஒரு மாத உழைப்பை இழந்திருக்கிறேன். அந்த வலி இன்னும் நினைவிருக்கிறது. எலிக்கு வாய்வழி பொட்டாசியம் கொடுத்தால் அரை மணிக்குள் கடத்தியின் பாஸ்பேட் இறங்கிவிடும். ஆகவே அது கடைசியாக எப்போது தின்றது, எத்தனை மணிக்குத் திசு எடுத்தாய் என்பதையும் குறிப்பேட்டில் எழுது. செல்களை வளர்த்த ஊடகத்தில் பொட்டாசியமும் குளோரைடும் எவ்வளவு?

எலித் தீவன மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படமெடுத்து இன்றே அனுப்பு. பொட்டாசிய அளவை முதலில் பார்ப்போம்; மற்றதை அதற்குப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்