ஏறும் நீரில் போ!

நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் நாடுகளின் கரையோரம் உள்ளது வாட்டன் கடல். நாள்தோறும் இருமுறை நீர் ஏறி, வற்றும். வற்றும்போது கடலின் அடித்தரையே வெகுதூரம் வெளியே தெரியும். இங்கே கனமான மோட்டார் படகை ஓட்டுபவர், நீர் ஏறும் வேளையிலேயே மணல்மேடுகளைக் கடக்கப் பார்ப்பார். ஏன்?

நீர் ஏறி முடியச் சுமார் 6 மணி நேரமாகும். ஆனால் அது ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த ஏற்றத்தை 12 பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, அடுத்து முறையே 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும் என்பது மாலுமிகளின் தோராயக் கணக்கு. வற்றும்போதும் இதே கணக்குத்தான். மொத்த ஏற்றம் 2.4 மீட்டர் எனக் கொள்வோம். ஒரு பங்கு 20 செ.மீ. நடு மணிகளில் நீர்மட்டம் 60 செ.மீ., அதாவது 10 நிமிடத்தில் 10 செ.மீ. மாறும்.

வற்றும் நீரில், நடு மணியில், படகு தரைதட்டியதாக வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்தில் படகின் பரப்பு 20 சதுர மீட்டர். 10 நிமிடத்தில் அது வெளியேற்றும் நீர் 2 கன மீட்டர் குறைகிறது. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, சுமார் 2 டன் எடையை நீர் கைவிட, மணல் தாங்குகிறது. தள்ளினால் அசையுமா? ஏறக்குறைய 6 மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தின் உச்சியில் தட்டினாலோ, அடுத்து வரும் ஏற்றங்கள் அந்த உயரத்தை எட்டா. இரு வாரங்கள்கூட ஆகலாம்!

ஏறும் நீரில் தட்டினால்? அதே 10 நிமிடத்தில் அதே 2 டன்னை நீரே தூக்கிவிடும்.

கணக்கிடுங்கள்: நீர் முற்றும் வற்றியபோது மேட்டின்மேல் 20 செ.மீ. நீர் உள்ளது. படகு 1.1 மீட்டர் அமிழும். அடியில் 30 செ.மீ. இடைவெளி வேண்டும். எத்தனை மணி நேரம் கழித்துக் கடக்கலாம்?

(விடை: 3 மணி நேரம்)