ரஷ்மோர் மலைக்குக் காரில் போகிறீர்களா?

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா பக்கம் போகிறவர்களுக்கு:

1. ரஷ்மோர் சிற்பங்களைக் காலையிலேயே பாருங்கள். மலையில் செதுக்கிய அமெரிக்க அதிபர்களின் முகங்கள் தென்கிழக்கு நோக்கியவை. பிற்பகலில் நிழல் விழுந்துவிடும்.

2. அயர்ன் மவுண்டன் சாலையில், அருகிலுள்ள கஸ்டர் பூங்காவிலிருந்து ரஷ்மோரை நோக்கி ஓட்டுங்கள். குகைப்பாதை வாயில் சிற்பம் சட்டம் போட்ட படம்போலத் தெரியும். எதிர்த்திசையில் வந்தால் காரின் பின்பார்வைக் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும்!

3. பெரிய வேன் எடுக்காதீர்கள். கஸ்டர் பூங்காவிலுள்ள நீடில்ஸ் ஐ குகைப்பாதையின் அகலம் 8 அடிதான்.

4. கஸ்டர் பூங்காவில் பைசன் எருமைகளைத் தேட விடியற்காலையே நல்லது. வெயில் ஏறினால் ஒதுங்கிவிடும். மந்தை சாலையை மறித்தால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள், மிரளக்கூடும். செல்ஃபிக்காக இறங்கவே இறங்காதீர்கள். சாதுவாக மேய்கிற பைசன் வாலைத் தூக்கினால் பாயக்கூடும் என்று அர்த்தம். ஓட்டத்தில் மனிதரை எளிதாக மிஞ்சிவிடும்.

5. அதே பூங்காவில் கழுதைக் கூட்டம் வந்தால் தின்பண்டத்தை மறைத்து, ஜன்னலை ஏற்றிவிடுங்கள். கூச்சமின்றித் தலையை உள்ளே நீட்டும்.