தீபாவளிக்குப் பின் உருளைக்கிழங்கு

சென்ற பொங்கல் விழாவன்று சங்கத்தில் செய்த கூட்டுக்கு என் வீட்டுக் கொல்லையில் விளைந்த உருளைக்கிழங்கில் ஒரு வரிசையை முன்னதாகவே தோண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது முதல் அன்பர்கள் பலர் விவரம் கேட்டவண்ணம் இருக்கிறார்கள். தீபாவளி நெருங்க நெருங்கக் கேள்வி சற்று மாறிவிட்டது. "இனிமேல் நட்டால் காலம் கடந்துவிடாதா?" என்கிறார்கள். கடந்துவிடாது. நவம்பர் 10 வரை தாராளமாக நடலாம். மாதக் கடைசியில் நட்டால்கூடக் கிழங்கு வரும், எடைதான் குறையும்.

நமக்கு உருளை என்றால் ஊட்டிதான். அங்கே மலைக்குளிரில் கோடையிலும் அது விளைகிறது. சமவெளியில் அந்தக் குளிர் கிடைப்பது குளிர்காலத்தில்தான். இலை வளர வெயில் வேண்டும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு பிடிக்க, இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கியாக வேண்டும். தில்லியில் அது நடப்பது ஐப்பசி பிறக்கும் சமயத்தில். இதை அறியாமல், ஓய்வு பெற்ற முதல் ஆண்டு, அதாவது 2018-இல், செப்டம்பர் முதல் வாரமே கிழங்கை வெட்டி நட்டேன். வெட்டுவாய் வழியாக அழுகி, பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. சூட்டில் நடுவதானால் முழுக் கிழங்காக நட வேண்டும். குளிர்ந்தபின் வெட்டலாம். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கண்களும் 40 கிராம் எடையும் இருந்தால் போதும்.

இத்தனைக்கும் நான் 1980-களில் டூண்ட்லாவில் பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டராக இருந்தவன். ஆக்ரா பக்கமுள்ள அந்த வட்டாரமே உருளைக்கிழங்குச் சீமை. எங்கள் கேங் மேட் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆண்டுதோறும் போடுவார். "சாஹப், தண்டவாளத்துக்கும் ஆலுவுக்கும் காலடியில் தண்ணீர் நிற்கக்கூடாது" என்பார். டிப்ளமாவில் மூன்று ஆண்டு படித்த வடிகால் பாடம் அந்த ஒரு வரியில் அடக்கம். அப்போது சிரித்துவிட்டுப் போனேன், கவனித்துக் கற்கவில்லை.

என் கொல்லை 10 அடிக்கு 8 அடி. இரண்டடிக்கு ஒரு பாராக நான்கு பார்கள். பாரில் எட்டு அங்குலத்துக்கு ஒரு கிழங்கு. மொத்தம் 60 செடிகள். விதை சுமார் இரண்டரை கிலோ. மட்கிய தொழு உரம் மட்டுமே போட வேண்டும். பச்சைச் சாணம் போட்டால் தோலில் சொறி விழும். நட்ட நாலாவது வாரம், செடி ஒரு சாண் உயர்ந்ததும், இருபுறமும் மண் அணைக்க வேண்டும். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகிக் கசக்கும், அது விஷமும்கூட. தண்ணீரைப் பாருக்கு இடையில் விடவேண்டும்; பார் உச்சி நனையக்கூடாது.

ரகம் கேட்பவர்களுக்கு: இந்தப் பக்கத்து மண்டிகளில் 3797 என்று எண்ணாலேயே அழைக்கப்படுவது குஃப்ரி பஹார். 1980-இல் வெளிவந்தது, நல்ல வெள்ளைக் கிழங்கு. தாமதமாக நடுபவர்கள் சீக்கிரம் முற்றும் குஃப்ரி புக்ராஜையோ குஃப்ரி சந்திரமுகியையோ நாடுவது நல்லது. (குஃப்ரி என்பது சிம்லாவுக்கு அருகிலுள்ள ஊர். அங்கே நீண்ட பகலில் உருளை நன்றாகப் பூப்பதால் ஒட்டுச் சேர்க்கும் வேலை அங்கே நடந்தது; பெயரும் நிலைத்தது.) கோல்டு ஸ்டோரேஜிலிருந்து வந்த விதையை உடனே நடாமல், பத்துப் பதினைந்து நாள் நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பரப்பி வைத்துத் தடித்த முளை விட்டபின் நடவும்.

இனி முக்கியமான விஷயம். டிசம்பர் கடைசியில் மூடுபனி இறங்கும். ரயில்வேயில் அந்த நாட்களில் சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தில் வெடிமருந்து வில்லை வைத்து ஓட்டுநரை எச்சரிப்போம். உருளைச் செடிக்கு அப்படி எச்சரிக்க யாருமில்லை. 10 முதல் 20 டிகிரி வெப்பம், ஈரக்காற்று, சூரியன் தலைகாட்டாத நாலைந்து நாட்கள்: பின்பருவ இலைக்கருகல் நோய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1845-இல் அயர்லாந்தில் உருளைப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தைத் தொடங்கி வைத்தது இதே நோய்தான். இலை நுனியில் தண்ணீர் தோய்ந்தாற்போல் ஒரு கறுப்புப் புள்ளி. அதிகாலையில் இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பூசணம்.

2022 ஜனவரியில் தில்லியில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது இரண்டே இலைகளில் புள்ளியைப் பார்த்தேன். "வெயில் வரட்டும், அப்புறம் மருந்தடிக்கலாம்" என்று இருந்துவிட்டேன். நாற்பதாண்டு பணியில் ஒரு ரயில் விரிசலைக்கூட நாளைக்கு என்று தள்ளிவைத்தவனல்ல. சொந்தக் கொல்லையில் தள்ளிவைத்தேன். ஆறாம் நாள் 60 செடிகளும் வெந்த கீரைபோல் சாய்ந்தன. 18 கிலோ எதிர்பார்த்த இடத்தில் கிடைத்தது ஏழு; அதிலும் பாதி அழுகல். இப்போதெல்லாம் வடக்கே ரயில்கள் பனியால் தாமதம் என்ற செய்தி வந்த அன்றே, புள்ளி தெரியும்வரை காத்திராமல், லிட்டருக்கு இரண்டரை கிராம் மாங்கோசெப் கலந்து இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்கிறேன். பனி நீடித்தால் எட்டுப் பத்து நாளில் மறுபடியும். இது வருமுன் காப்பது; வந்ததைக் குணப்படுத்தாது. பக்கத்திலுள்ள கொத்தமல்லிப் பாத்தியைப் பாலித்தீனால் மூடிவிட்டுத் தெளிக்கவும். (என் மனைவி இதை அடிக்கோடிட்டு எழுதச் சொன்னாள்.) உறைபனி விழும் என்று தோன்றும் இரவுகளில் மாலையில் லேசாகத் தண்ணீர் காட்டினால் செடி பிழைக்கும்.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். என் கிழங்கையே விதைக்கு எடுத்து வைத்து மூன்று ஆண்டு நட்டேன். இலைகள் சுருண்டன, கிழங்கு ஆண்டுக்காண்டு சிறுத்தது. மண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் குற்றவாளி அசுவினிப் பூச்சி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சமவெளியில் அது குறைவு. ஜனவரியில் பெருகி, சாறு உறிஞ்சும்போதே நச்சுயிரியைப் புகுத்துகிறது. அந்தக் கிழங்கைச் சாப்பிடலாம். நட்டால் நோய் கூடவே வரும். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் அசுவினி குறைந்த அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து, அது பெருகுமுன்பே செடியின் தலையை வெட்டிவிடும் முறையை வகுத்தார்கள். மலையிலிருந்துதான் நல்ல விதை வரவேண்டும் என்ற நிலை அதனால் மாறியது. நம்மைப்போல் தாமதமாக நடுபவர்களின் செடி ஜனவரி முழுவதும் பச்சையாக நிற்கும். ஆகவே விதையை மட்டும் ஆண்டுதோறும் நம்பகமான இடத்தில் புதிதாக வாங்கிவிடுங்கள்.

90 நாளில் இலை மஞ்சளாகத் தொடங்கும். தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துச் செடியைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, மேலும் பத்துப் பன்னிரண்டு நாள் மண்ணுக்குள்ளேயே விடவும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தும் தோல் உரியாவிட்டால் தோண்டலாம். நிழலில் உலர்த்திச் சாக்கில் இருட்டறையில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், மாவு சர்க்கரையாகி, வறுவல் இனித்துக் கறுத்துப்போகும். பொங்கலுக்கு வேண்டுமானால் ஒரு வரிசையை மட்டும் 75-ஆம் நாள் தோண்டுங்கள். அந்தத் தோல் மெல்லியது, சீவவே வேண்டாம்.