முதுகின் நடுவே பன்னிரண்டு எலும்புகள்

நாசரேத்தைச் சுற்றிப் பனங்காடுகள் உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன் கோடையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா பதநீர் இறக்கும்போது தவறி விழுந்தார். ஓடி வந்த நால்வர் அவரைத் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். உடல் நடுவில் தொட்டில் போல் வளைந்தது. மாமாவால் இன்றும் நடக்க முடியாது. விழுந்ததாலா, தூக்கியதாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அன்போடு தூக்கியதும் தீங்காகலாம் என்பதை உயிரியல் பாடம் படித்தபின்தான் அறிந்தேன்.

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு அன்று. 33 முள்ளெலும்புகளின் கோவை. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதன் கீழே ஒன்றாய் இணைந்தவை 9. மார்புப் பகுதியின் ஒவ்வொரு முள்ளெலும்போடும் ஒரு ஜோடி விலா எலும்பு சேர்கிறது. இந்த விலாக்கூடு இதயத்தையும் நுரையீரலையும் காக்கிறது. கூடு இறுகப் பிடித்திருப்பதால் இப்பகுதி அதிகம் குனியாது; ஆனால் நன்றாகத் திரும்பும். நாம் பின்னால் இருக்கும் தோழியைத் திரும்பிப் பார்ப்பதற்கு இதுவும் உதவுகிறது. இடுப்பு எலும்புகளோ நன்றாகக் குனியும், அதிகம் திரும்பா.

விறைப்பான பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்கும் இடமே பலவீனமானது. உயரத்திலிருந்து விழுவோர்க்கு 12ஆம் மார்பு முள்ளெலும்பும் முதல் இடுப்பு முள்ளெலும்பும் சேரும் இடத்தருகே அடிக்கடி முறிகிறது. எலும்புகளின் நடுத்துளை வழியே தண்டுவடம் செல்கிறது. மார்புப் பகுதியில் அத்துளை குறுகலானது. முறிந்த எலும்பு சற்று நகர்ந்தாலும் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கலாம்.

ஆகவே, விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் புகட்டத் தலையைத் தூக்காதீர்கள். அசையாமல் இருக்கச் சொல்லி, 108க்கு அழையுங்கள். நகர்த்தியே ஆகவேண்டுமெனில், தலை முதல் கால்வரை நேர்கோட்டில் பிடித்து, பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் மரக்கட்டை போல் உருட்டிப் பலகையில் கிடத்துங்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டியெழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். ஓலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்த அவர், "இதை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடும்மா" என்றார். அதனால்தான் எழுதினேன்.

- பத்தாம் வகுப்பு மாணவி