ஏடும் எண்ணும்

நுழையும்முன்

கரையானும் காலமும் ஓலைச்சுவடிகளை அரித்துவருகின்றன. ஏடுகளைப் படமெடுத்துவிட்டால் அவை காக்கப்பட்டுவிடுமா?

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில், 1993ஆம் ஆண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா அமைந்துள்ளது. அதன் நூலகத்தில் ஓலைச்சுவடிகளும் பேணப்படுகின்றன. இத்தகைய சுவடிகளை ஏடு ஏடாகப் படமெடுக்கும் பணி, 2003இல் தேசியச் சுவடிகள் இயக்கம் தோன்றியபின் நாடெங்கும் விரைவு பெற்றது.

சுவடி எழுதியோர் ஏட்டின் ஓரத்தில் ஏட்டெண்ணைப் பொறித்தனர். கயிறு அறுந்து ஏடுகள் சிதறினாலும் அவ்வெண் கொண்டு மீண்டும் கோக்கலாம். ஒளிப்படக் கோப்புக்கோ கருவி இட்ட வரிசை எண்ணே பெயர். எந்தச் சுவடியின் எத்தனையாம் ஏடு என்பதை அப்பெயர் உரைக்காது. 1970இல் எட்கர் காட் வகுத்த உறவுநிலைத் தரவுத்தள முறை இங்கே கைகொடுக்கிறது. சுவடி எண், ஏட்டெண், பக்கம் ஆகிய மூன்றும் இணைந்து அட்டவணையின் முதன்மைத் திறவுகோலாகின்றன.

படத்தை எங்கே வைப்பது? 'பிளாப்' என்னும் புலத்தில் படத்தையே சேமிக்கலாம். நிரலானது கோப்பை இரும முறையில் திறந்து, பைட்டுகளைப் படித்து, செருகு கட்டளைக்குத் தனி அளபுருவாக அளிக்க வேண்டும். கட்டளைத் தொடருக்குள்ளேயே பைட்டுகளை ஒட்டினால், இடையே வரும் மேற்கோள் குறிக்குரிய பைட்டு ஒன்றே கட்டளையைச் சிதைத்துவிடும்.

மை எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'பிளாப்' புலம் 65,535 பைட்டுகளையே ஏற்கும். ஏட்டின் தெளிவான வண்ணப்படமோ பல மெகாபைட் அளவினது. கண்டிப்பு நிலை இயங்காதபோது மிகுதி வெட்டப்படும். எழுவது வெறும் எச்சரிக்கையே. ஏடு பொடிந்தபின் அரைப்படம் கண்டு என்ன பயன்? 'லாங்பிளாப்' புலம் 4 ஜிகாபைட் வரை கொள்ளும். ஆயினும் சேமித்ததைத் திரும்பப் படித்து மூலக்கோப்புடன் ஒப்பிடுவதே முறை.

கோப்பைக் கோப்புறையில் வைத்து, அதன் பாதையை மட்டும் அட்டவணையில் எழுதுவது மற்றொரு வழி. அட்டவணை சிறுக்கும், ஆனால், கோப்புறையின் பெயர் மாறினால் பாதை வெற்றுச் சொல்லாகும்.

2006இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இரு வழிகளையும் ஒப்பிட்டனர். 256 கிலோபைட்டுக்கு உட்பட்டவற்றுக்குத் தரவுத்தளமும், 1 மெகாபைட்டுக்கு மேற்பட்டவற்றுக்குக் கோப்பு முறைமையும் ஏற்றவை எனக் கண்டனர். எனவே, தேடலுக்கான சிறுபடத்தை அட்டவணையிலும், மூலப்படத்தைக் கோப்புறையிலும் வைப்பது சுவடிப் பணிக்குத் தகும். மூலப்படத்தின் பாதையோடு அதன் பைட்டுகளிலிருந்து கணித்த சரிபார்ப்பு எண்ணையும் பதிந்துவைத்தால், இடம் மாறிய கோப்பையும் அவ்வெண்ணே அடையாளம் காட்டும்.