தசை மெலிய எலும்பும் மெலிதல்

சென்னைக்கு வடபால், திருவொற்றியூருக்கும் மணலிக்கும் அணித்தாயுள்ள சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். அங்கே அடுக்கப்பட்டிருக்கும் எஃகுக் கம்பிகள் பாரந் தாங்கினும் தாங்காவிடினும், துருப்பிடியாதவரை தம் வலிமையை இழப்பதில்லை. மனித எலும்போ அத்தன்மையதன்று. அஃது உயிருள்ள பொருள். உழைப்புள்ள விடத்துத் தடிப்பது, உழைப்பற்ற விடத்து மெலிவது. இவ்வுண்மை, பரம்பரைத் தசைநோயுற்ற சிறுவரிடத்து மிக வருந்தத்தக்க முறையில் புலனாகின்றது. அதனை ஈண்டுச் சுருக்கமாக விளக்க முற்படுகின்றோம்.

இந்நோய்களுள் பெரிதும் அறியப்பட்டது டூஷேன் தசைச்சிதைவு என்பது. 19-ஆம் நூற்றாண்டில் இதனை விரிவாக ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. ஏறக்குறைய 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுள் ஒருவரை இது பற்றுகின்றது. தசைநார்களின் உறையைக் காத்து நிற்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் இச்சிறுவருக்கு இல்லாமற்போவதே நோயின் காரணம் என்பது 1987-இல் அறியப்பட்டது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் சிறுவன் அடிக்கடி விழுவான், தரையினின்று எழுங்கால் தன் தொடைகளைத் தானே கைகளாற் பற்றி ஏறுவான், நுனிக்காலால் நடப்பான். மருந்து பெறாதார் பன்னிரண்டு வயதளவில் நடக்குந் திறனை இழப்பது பெரும்பான்மை.

இவ்விடத்து ஒரு பிழையான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். நம் நாட்டில் இத்தகைய பிள்ளை பிறந்தால், அத்தை மகனையோ மாமனையோ மணந்த குற்றமென்று தாயைப் பழிப்பார் உளர். உறவுத் திருமணத்தால் மிகும் மரபு நோய்கள் உண்மையில் உள; ஆனால் டூஷேன் நோய் அவற்றுள் ஒன்றன்று. இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அக்குறையைத் தாங்கிய தாய் யாரை மணப்பினும், அவள் பெறும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வருதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. சுமார் மூன்றிலொரு பங்கு சிறுவரிடத்தோ, தாயிடம் அக்குறை இல்லாமலே மாற்றம் புதிதாய்த் தோன்றுகின்றது. ஆகவே பழிக்கு இடமில்லை. மரபணுச் சோதனைக்கும் தக்க ஆலோசனைக்குமே இடமுண்டு.

இனி எலும்பைக் குறித்து நோக்குவோம். எலும்பினுள்ளே கட்டும் அணுக்களும் கரைக்கும் அணுக்களும் ஓயாது தொழில் புரிகின்றன. தசை இழுக்குந்தோறும் எலும்பு சிறிதே வளைகின்றது. அவ்வளைவை உணர்ந்த உள்ளணுக்கள் கட்டும் வேலையைத் தூண்டுகின்றன. டென்னிஸ் ஆடுவோரின் ஆடுங்கை எலும்பு மற்றைக் கை எலும்பினும் தடித்திருப்பது இதனாலேயே. விண்வெளியில் எடையின்றி வாழ்வார், தக்க பயிற்சி இல்லாவிடின், திங்களொன்றுக்கு இடுப்பெலும்பின் திண்மையில் நூற்றுக்கு ஒன்றோ அதற்குச் சற்று மேலோ இழப்பதும் இதனாலேயே. வளரும் பருவத்திலேயே தசையின் இழுப்புக் குன்றினால், எலும்பு தடிக்க வேண்டிய காலத்தில் தடியாது ஒல்லியாகவே நின்றுவிடும். நடை நின்றபின் முதுகெலும்பு ஒருபுறஞ் சாய்வதும் உண்டு.

இத்துடன் மற்றொரு சிக்கலும் சேர்கின்றது. பிரெட்னிசோலோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகள் நடக்குங் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டிக்கின்றன, மூச்சுக்கும் துணையாகின்றன. அம்மருந்தே எலும்பு கட்டும் அணுக்களை அடக்கி, உயரத்தைக் குறைத்து, பருவமடைதலையுந் தாமதிக்கின்றது. காப்பதும் அதுவே, தேய்ப்பதும் அதுவே. இதையறிந்து அஞ்சிய பெற்றோர் சிலர் மருந்தைத் தாமே திடீரென நிறுத்திவிடுகின்றனர். இஃது உயிருக்கே இடர் விளைக்கும். நெடுநாள் மருந்துண்ட உடல், தனக்குரிய சுரப்பை உடனே உண்டாக்கவியலாது. மருந்தைக் குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் செயலாதல் வேண்டும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? எலும்பை முன்னரே காத்தலாம். இச்சிறுவருக்கு முதுகின் முள்ளெலும்புகள் வலியின்றியே நசுங்கக்கூடும். ஆதலின், ஸ்டீராய்டு உண்பவருக்கு ஓரிரண்டு ஆண்டுக்கொருமுறை முதுகைப் பக்கவாட்டில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க வேண்டுமென்று 2018-இல் வெளியான உலகளாவிய மருத்துவ நெறிமுறை கூறுகின்றது. முதுகு வலிக்கிறதென்று சிறுவன் கூறினால், பள்ளிக்குப் போகாமைக்குச் சாக்கென்று அதனைத் தள்ளாது உடனே காட்டுதல் வேண்டும். நசுங்கல் காணப்படின் எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்தை நரம்பின் வழியே செலுத்துவர். இரத்தத்தில் வைட்டமின் டி அளவைச் சோதித்தல், பால், கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்ற உணவுகளை உடல் பருக்காத அளவில் அளித்தல், குதிகால் நரம்பு இறுகாதபடி நாள்தோறும் நீட்டிவிடுதல், சக்கர நாற்காலியில் அரைக்கச்சை பூட்டுதல் ஆகியவை இல்லத்தார் கடமைகள்.

நடக்குஞ் சிறுவன் ஒருவன் விழுந்து தொடையெலும்பு முறியின், நெடுங்காலம் கட்டுப்போட்டுக் கிடத்தலே அவன் நடைக்கு முடிவாகிவிடக் கூடும். ஆதலின் விரைந்து எலும்பை நிலைநிறுத்தி, விரைவிலேயே எழுந்து நிற்கச் செய்யும் சிகிச்சையை மருத்துவர் பெரிதும் விரும்புவர். முறிந்தபின் மூச்சுத் திணறலோ அறிவு மயக்கமோ தோன்றின் கணமுந் தாழ்த்தலாகாது. எலும்பின் உட்கொழுப்பு இரத்தத்திற் கலந்ததன் அறிகுறியாக அஃது இருக்கலாம். வடசென்னையார்க்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் அணிமையிலேயே உள.

நடை நின்றதனால் வாழ்வு நின்றதாகாது. இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் அம்மையார், 1954-இல் நேர்ந்த விபத்தால் கால்கள் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் அங்கு 1966-இல் தோன்றிய மறுவாழ்வு நிலையத்துக்கு வழிகாட்டினார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தசைச்சிதைவையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சட்டம் தந்த உரிமை வகுப்பறையை எட்டவேண்டுமாயின், படிக்கட்டுள்ள இடத்தில் சாய்தளம் அமைப்பாரும், சக மாணவனின் நாற்காலியை அஞ்சாது தள்ளுவாரும் வேண்டும்.

உழைப்பால் எலும்பு வலுப்பெறுவது இயற்கை. உழைக்கவியலாத எலும்பிற்கு மருத்துவரும் பெற்றோரும் ஆசிரியரும் தோழருமே தாங்குகம்பிகளாக நிற்றல் வேண்டும். நம் கல்லூரியிற் கற்கும் ஒவ்வொருவரும் இத்தொண்டிற் பங்கு கொள்வராக.