பருவமழைக்குப் பின் தாமான் நெகாரா: மார்ச் முதல் மே வரைக்கான ஆலோசனை

தீபகற்ப மலேசியாவின் கிழக்குப் பகுதியை நவம்பர் முதல் நனைத்துவந்த வடகிழக்குப் பருவமழை தணிந்து, தெம்பிலிங் ஆற்றின் வெள்ளமும் வடிந்துவிடுவதால், பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குச் செல்லக் கருதுவோர் தம் ஏற்பாடுகளை இப்போது தொடங்கலாம். மழை மாதங்களில் அங்குச் செல்வது எத்தகைய இடர் என்பதற்கு, 2014 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது பூங்காவின் நுழைவாயிலான கோலா தஹானில் சிக்கிய பயணிகளை ஹெலிகாப்டர் மூலம் மீட்க நேர்ந்தது ஒன்றே போதிய சான்றாகும்.

எனினும் பருவமழை ஓய்ந்துவிட்டது என்பதற்கு மழையே பெய்யாது என்று பொருளில்லை. ஏப்ரல், மே மாதங்களில், இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், பிற்பகலில் இடியுடன் கூடிய மழை திடீரெனப் பெய்வது வழக்கம். ஆகவே நீண்ட நடைகளை விடியற்காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிடுவது நல்லது. லாத்தா பெர்கோ போன்ற அருவிகளில் குளிப்போர், மலாய் மொழியில் 'கெபாலா ஆயர்' எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கை அறிந்திருத்தல் வேண்டும்: மேல்மலையில் பெய்த மழையின் நீர் ஒருங்கே திரண்டு, கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே ஓடையில் பாய்ந்து வருவதே அது. தெளிந்த நீர் கலங்குவதையோ, சருகும் சுள்ளியும் மிகுதியாக மிதந்து வருவதையோ கண்டவுடன், உடைமைகளை எடுக்கவும் காத்திராமல் கரையேறிவிட வேண்டும்.

விலங்குகளைக் காண விரும்புவோர் முதலில் தம் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ளுதல் தகும். திறந்த புல்வெளியில் மந்தைகளைக் காண்பதுபோல அடர்ந்த மழைக்காட்டில் காண இயலாது. யானையும், 'செலாடாங்' எனப்படும் காட்டுமாடும், தேன்கரடியும் அங்கு வாழ்ந்தாலும், பகல் நடையில் பெரும்பாலும் அவற்றின் காலடிகளும் எச்சங்களுமே கண்ணில் படும். எனவே ஓரிரவையேனும் 'பும்புன்' எனப்படும் மறைவிடக் குடில் ஒன்றில் கழிப்பதே இப்பயணத்தின் மிகச் சிறந்த பகுதியாகும். விலங்குகள் தமக்கு வேண்டிய தாது உப்புகளுக்காக மண்ணை நக்கவும் ஊற்றுநீரைப் பருகவும் வரும் 'ஜெனுட்' எனும் உவர்நிலத்தை நோக்கியே இக்குடில்கள் அமைக்கப்பட்டுள்ளன. முன்பாதி கறுப்பும் பின்பாதி வெண்மையுமான உடலால் நிலவொளியில் உருவம் கலைந்து தோன்றும் தாபிர், நீண்ட மூக்குடைய தாவர உண்ணி, இரவிலேயே அங்கு வருவதால், குடிலில் இருப்போர் பேச்சைத் தவிர்த்து, நறுமணப் பூச்சுகளை விலக்கி, கைவிளக்கைத் தேவைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். உணவுப் பொட்டலங்களை இறுக மூடி வைக்காவிடில் எலிகள் வந்து சேரும். குடில்களில் இடம் குறைவாகையால், பூங்காவை நிர்வகிக்கும் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையிடம் முன்பதிவு செய்வதோடு, நுழைவு அனுமதியையும் நிழற்படக் கருவிக்கான உரிமத்தையும் பெற்றுக்கொள்வதும், விதான நடைபாலம் திறந்துள்ளதா எனக் கேட்டறிவதும் அவசியம். 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தஹான் மலையில் ஏற எண்ணுவோருக்கு வழிகாட்டி இன்றியமையாதவர்.

ஈரமான பாதைகளில் அட்டைகள் இருக்கவே செய்யும். இறுகப் பின்னிய துணியாலான அட்டைக் காலுறையை முழங்கால்வரை அணிந்து, கடித்த அட்டையை நெருப்பாலோ உப்பாலோ விரட்டாமல், நகத்தை அதன் வாய்க்கு அருகே தோலோடு ஒட்டிச் செலுத்தி விடுவித்து, புண்ணைக் கழுவினால் போதும். கால்களில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தேங்கிய நீரில் இறங்காதிருப்பது எலிக்காய்ச்சலிலிருந்து காக்கும். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், காட்டுக்குச் சென்றுவந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

இம்மாதங்கள் இருவாட்சிகள் கூடுகட்டும் காலமுமாகும். பெண் பறவை மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு, சிறு துளை வழியே ஆண் ஊட்டும் இரையை நம்பியே குஞ்சுகளை வளர்ப்பதால், கூட்டருகே மனிதர் நின்றுகொண்டிருந்தால் ஆண் வரத் தயங்கி, உள்ளிருப்பவை பட்டினி கிடக்க நேரிடும். அதேபோல, இக்காட்டையே தம் இல்லமாகக் கொண்ட ஒராங் அஸ்லி பழங்குடியினரான பாத்தேக் மக்களின் குடியிருப்புகளுக்கு வழிகாட்டியின்றிச் செல்வதும், கேளாமல் அவர்களைப் படமெடுப்பதும் தவறு. அக்குடியிருப்புகள் வேடிக்கை பார்க்கும் இடங்களல்ல.

தீபகற்பக் காடுகளில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150க்கும் குறைவானவையே என அண்மைய தேசியக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. அவற்றின் பெரும் பகைவன் கம்பிக் கண்ணி. நடைபாதையில் கண்ணியையோ, ஐயத்திற்குரிய முகாமையோ காண்பவர்கள், அதைத் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, அன்றே பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.